மாணவர் மயில்வாகனனார்

கல்லூரி மாணவன் ஒருவனின் உள்ளத்தைத் திறந்து பார்க்கும் ஆற்றல் நமக்கு இருந்தால் அங்கே எதனைக் காண்போம்? பரீட்சையும் பாடநூலும் மேலே கிடக்கும். அவற்றைச் சற்று ஒதுக்கினால் வீட்டைப் பற்றிய நினைவு கிடக்கும். தந்தையின் உழைப்பும், தாயின் எதிர்பார்ப்பும், தம்பி தங்கையரின் நாளையும் அந்நினைவினுள் அடங்கும். இன்னும் ஆழத்திலே, எவருக்கும் சொல்லாத ஆசை ஒன்று இருக்கும். இசைச் செவி வாய்த்த மாணவனுக்கு அந்த ஆசை பாட்டாகவே இருக்கும்.

நெடுங்காலமாக மாணவரிடையே வாழ்ந்துவரும் யான் இதனை நன்கறிவேன். பாட்டைக் கைவிட்டுப் படிப்பைப் பிடிப்பதா, படிப்பைக் கைவிட்டுப் பாட்டைப் பிடிப்பதா என்று ஆண்டுதோறும் எவனாவது ஒரு மாணவன் என்னிடம் கேட்கத் தவறுவதில்லை. வீட்டார் ஒன்றை விரும்புகின்றனர். தன் மனம் வேறொன்றை விரும்புகின்றது. யான் என் செய்வேன் என்பதே அவன் வினாவின் பொருள். இவ்வினாவுக்கு அறிவுரை விடையாகாது. ஒரு வாழ்க்கையே விடையாகும். அத்தகைய வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றது. விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கையே அது.

அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் துறவியையும் பேராசிரியரையும் பற்றிப் பேசுவர். யான் இங்கே பேசப் புகுவது, அடிகளார் ஆகுமுன் மாணவராயிருந்த மயில்வாகனனாரைப் பற்றியாகும்.

பிறந்த ஊரும் கேட்ட பாட்டும்

கிழக்கிலங்கையிலே, கடலும் வயலும் சூழ்ந்த காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் மட்டக்களப்பைச் சேர்ந்தது. இன்று அது அம்பாறை மாவட்டத்தில் அடங்கும். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம்.

அதே 1892 ஆம் ஆண்டிலே கடலுக்கப்பால் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார்கள். பின்னாளில் அந்நூலின் இசைப்பகுதிக்கு உரைகாண வேண்டியவரும், அந்த அச்சுப் பிரதியும் ஒரே ஆண்டில் உலகுக்கு வந்தமை எண்ணி மகிழத்தக்கது.

காரைதீவிலே கண்ணகி ஏட்டில் உறையும் பாத்திரமல்லள்; கோயில் கொண்ட தாய். வைகாசித் திங்களிலே திருக்குளிர்த்தி நிகழும்போது கண்ணகி வழக்குரை அங்கே படிக்கப்படும். உடுக்கொலி எழும். ஊரார் ஒன்றுகூடிக் கேட்பர். கோவலன் கொலையுண்டதும், பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைத்ததும் எழுத்தறியாத மூதாட்டிக்கும் அங்கே தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கந்தபுராணத்தைக் கேட்டு வளர்வது போல, அப்பகுதிப் பிள்ளை கண்ணகி கதையைக் கேட்டு வளரும். வித்துவான்கள் பல ஆண்டு கற்று நெருங்கும் சிலப்பதிகாரம், காரைதீவுச் சிறுவனுக்கு வீட்டுச் சொத்தாக இருந்தது.

வீடும் ஊரும் ஒரு மாணவனுக்குத் தரும் செல்வத்தில் இது முதன்மையானது. பாடமாகப் புகட்டாமல், செவிவழியாக உள்ளத்தில் இறங்கும் செல்வம் அது. நம் மாணவர் பலர் தம் ஊரின் கூத்தையும் கும்மியையும் தாலாட்டையும் பட்டிக்காட்டுப் பண்டம் என்று ஒதுக்குகின்றனர். அவ்வாறு ஒதுக்குவோர் தம் முதலை இழக்கின்றனர் என்பேன்.

இரண்டு படிப்பு

மயில்வாகனனார் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்தார். வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் கற்றார். பின்னர்க் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்றார். மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலிருந்து 1908 ஆம் ஆண்டு கேம்பிரிட்ச் சீனியர் பரீட்சையிலே சித்தியெய்தினார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு.

அக்காலத்திலே அப்பரீட்சையிற் சித்தியெய்துவது சிறு காரியமன்று. அது உத்தியோகத்தின் வாசற்படி. ஆங்கிலம் கற்ற பிள்ளை தமிழைத் திரும்பிப் பாராதிருப்பதே அன்று வழக்கம். தமிழ் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலக் கல்லூரியில் இடமில்லாதிருப்பதும் வழக்கம். இரண்டு படிப்புக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. மயில்வாகனனார் அம்மதிலின் இரு புறத்திலும் நடமாடினார்.

பதினாறு வயதிலே தேறியவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பின்னர் 1911 ஆம் ஆண்டு கொழும்பு ஆங்கில ஆசிரிய கலாசாலையிற் பயிற்சிக்குச் சேர்ந்தார். கொழும்பு வாழ்க்கையிலே வேறொரு பயனும் அவருக்குக் கிடைத்தது. தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளை அவர்கள் அங்கே இருந்தார்கள். மயில்வாகனனார் அவர்களையடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பகலிலே ஆங்கிலமும் கற்பித்தல் முறையும். மற்றைய பொழுதிலே சங்க நூலும் காப்பியமும். இவ்வாறு நாட்கள் கழிந்தன.

1916 ஆம் ஆண்டினை யான் மாணவர்க்குச் சிறப்பாக எடுத்துச் சொல்வதுண்டு. அவ்வாண்டிலே மயில்வாகனனார் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையரில் அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே. ஒரு கையிலே தொல்காப்பியம். மற்றைக் கையிலே பௌதிகம். இவ்விரண்டையும் ஒரே ஆண்டிற் கரையேற்றிய மாணவனை யான் வேறெங்கும் கண்டதில்லை.

பரீட்சைக்காகப் பண்டித பாடம் கற்போர் எவ்வளவு சுமை சுமக்கின்றனர் என்பதை அத்தொழிலிலே இருக்கும் யான் அறிவேன். இலக்கணமும் இலக்கியமும் மட்டுமே ஒருவனின் நாளை முழுவதும் விழுங்கவல்லன. அதனோடு ஆய்வுகூடத்துப் பயிற்சியையும் சேர்த்துச் சுமந்தவர் எத்தகைய ஒழுங்கோடு தம் நேரத்தைப் பங்கிட்டிருப்பார் என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிப்புக்கும் பாட்டுக்கும் நேரமில்லை என்று முறையிடும் மாணவர்க்கு இந்த ஓர் ஆண்டே போதிய மறுமொழி.

அதன் பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் அவரை வந்தடைந்தது. இருபத்தெட்டு வயதிலே ஒரு பெருங்கல்லூரியின் தலைமை. வீட்டார் வேறெதனை வேண்டியிருப்பர்?

வீட்டை விட்டவர்

இங்கேதான் அவர் வாழ்க்கை நம்மைத் திகைக்க வைக்கின்றது. 1922 ஆம் ஆண்டு அப்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பெற்று, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழையும் கவனித்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமியிலே சிவானந்த சுவாமிகளிடம் துறவறம் பெற்று விபுலாநந்தர் ஆனார்.

மகனுக்கு உத்தியோகம் கிடைத்தது என்னும் செய்தி ஒரு வீட்டுக்குத் தரும் ஆறுதலை ஈழத்துத் தமிழர் நன்கறிவர். அந்த உத்தியோகத்தை மகனே விட்டுச் செல்லும் செய்தி எவ்வாறிருக்கும் என்பதும் அவர்க்குத் தெரியும். துறவைப் போற்றிப் பாடுவோர் வீட்டின் இழப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஒரு மகன் உலகுக்கு உரியவனாகும்போது, வீட்டின் திண்ணையில் ஓர் இடம் வெறுமையாகின்றது.

ஆனால் இரண்டினை நாம் மறத்தல் கூடாது. பதினாறு வயதிலே தேறி, அதன்பின் ஆசிரியராய் உழைத்து, முப்பதாவது வயதிலேதான் அவர் வீட்டை விட்டார். படிப்புக் கசந்தோ, பொறுப்புக்கு அஞ்சியோ விட்டாரல்லர். கனவு என்னும் பெயரால் கடமையிலிருந்து தப்ப எண்ணும் மாணவன் அடிகளாரைச் சாட்சிக்கு அழைத்தல் ஆகாது. இஃது ஒன்று.

மற்றையது, அவர் திரும்பி வந்தமை. 1925 ஆம் ஆண்டு இலங்கைக்கு மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலே பாடசாலைகளை நடத்தினார். 1929 ஆம் ஆண்டு மட்டக்களப்பு வாவிக்கரையிலே, கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பிறந்த ஊராகிய காரைதீவிலும் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை நடந்தது. ஒரு வீட்டின் பிள்ளையாய் இருந்தவர் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியானார். இழந்த வீட்டுக்கு இஃது ஈடாகுமா என்று கேட்போர் கேட்கலாம். ஒரு கணக்கில் ஈடாகாது. மற்றொரு கணக்கில் அதற்கும் மேலாகும். இரண்டு கணக்கும் உண்மையே.

காத்திருந்த கனவு

இனி, இசைக்கு வருவோம். பழந்தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் பெயர்கள் எஞ்சின. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களும் எஞ்சின. ஓசை மட்டும் போயிற்று. பண்டித வகுப்பிலே அப்பெயர்களை ஒப்புவித்துத் தேறியோர் எண்ணற்றோர். அவை எவ்வாறு ஒலித்தன என்று சொல்வார் அரியர். அடியார்க்குநல்லார் உரையோ, மறைந்துபோன இசை நூல்களை ஆங்காங்கே தொட்டுச் செல்லும் உரை. அதிலும் ஒரு பகுதி நமக்குக் கிடைக்கவில்லை.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு இத்துறையிலே பெருவழி திறந்தார். அவர் ஒரு தானத்தை இருபத்துநான்கு சுருதிகளாகப் பகுத்தார். அடிகளார் உரையாசிரியர் காட்டும் இருபத்திரண்டு அலகுகளை ஏற்று, அவ்வழி நின்று கணக்கிட்டார்.

1931 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் சென்றார். அங்கே பணியாற்றிய காலத்திலேயே, அருகிலுள்ள திருவேட்களத்து ஏழை மக்களிடம் சென்று கல்வி புகட்டவும் அவர்க்குப் பொழுது கிடைத்தது. யாழைப் பற்றிய ஆராய்ச்சி அக்காலந்தொட்டு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு நடந்தது. 1939 ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயிருந்தார். 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை பணிகளுக்கிடையிலும் யாழ் அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் செய்தது யாதென்பதைச் சுருக்கிச் சொல்வேன். சிலப்பதிகார அரங்கேற்று காதை கற்பிக்கும்போது யான் கரும்பலகையில் ஒரு கோடு வரைவதுண்டு. அது ஒரு தந்தி. நீளம் முப்பத்தாறு விரல் என்க. அதனை மீட்டினால் எழும் ஓசையைக் குரல் எனக் கொள்வோம். அதே பருமனும் இழுப்பும் உடைய தந்தியைப் பாதியாக்கிப் பதினெட்டு விரல் ஆக்கினால், அதே குரல் ஒருபடி மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்காகிய இருபத்துநான்கு விரலிலே இளி பிறக்கும். அந்த இளிக்கு மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு பதினாறு விரல். அது மேலைத் துத்தம். அதனை இருமடங்காக்கினால் முப்பத்திரண்டு விரல். நமக்கு வேண்டிய துத்தம் கிடைத்துவிட்டது. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் பிறக்கும் என்று உரைகாரர் சொன்ன முறை வெறும் பெயரடுக்கு அன்று. அது ஒரு கணக்கு.

யாழ் வீணை போன்றதன்று. வீணையிலே ஒரு தந்தியின்மீது விரலை நகர்த்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஒவ்வோர் இசைக்கு உரியது. ஆகவே, நரம்பின் அளவு தெரிந்தாலன்றி யாழை மீட்டும் அமைக்க முடியாது. செய்யுளிலிருந்து அளவைப் பெறுதற்குத் தமிழ்ப் புலமை வேண்டும். வடமொழி இசை நூல்களோடு ஒப்பிடுதற்கு வடமொழி வேண்டும். அளவிலிருந்து ஓசையைப் பெறுதற்குப் பௌதிகமும் கணிதமும் வேண்டும். இவை அனைத்தையும் பேராசிரியரான பின் புதிதாகத் தேடிக்கொள்ள இயலுமோ? காரைதீவிலே தேசிகரிடம் கற்ற வடமொழியும், கொழும்பிலே பண்டிதரிடம் கேட்ட பாடமும், தொழில்நுட்பக் கல்லூரியிலே பயின்ற விஞ்ஞானமும் அங்கே ஒன்றுகூடின. பரீட்சைக்குக் கற்றவை பயனற்றவை என்று சலிக்கும் மாணவர் இதனை உள்ளத்திற் கொள்வாராக. எந்தக் கல்வி எந்த நாளிலே நம் கனவுக்கு நரம்பாகும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது.

கண்ணகி வழக்குரையின் ஓசை அவரைச் சிலம்புக்கு அழைத்தது. பாடும் மீனுக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பு வாவியின் ஓசையையும் அவர் மறந்தாரல்லர். அதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடினார். மதங்க சூளாமணி என்னும் நாடக ஆராய்ச்சி நூல் 1926 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நாடகத் தமிழுக்கு அது. இசைத்தமிழுக்கு யாழ் நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அந்நூல் அமைந்தது. ஏழிசைக்கு ஏழியல் போலும்.

அரங்கேற்றம்

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு யாழ் நூல் அரங்கேறிற்று. இடம், சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர். திருஞானசம்பந்தர் பதிகம் பாட ஓடம் தானே கரைசேர்ந்ததாகச் சொல்லப்படும் திருத்தலம் அது. சம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிசைத்துச் சென்றதை நாம் அறிவோம். இசையால் ஓடம் ஓடிய தலத்திலே யாழின் நூல் அரங்கேறியது பொருத்தமே. 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம், 6 ஆம் நாள்களிலே அறிஞர் பலர் கூடிய அவையில் அது நிகழ்ந்தது. அடிகளார் நோயினால் நலிவுற்றிருந்த காலம் அது.

அவ்வாண்டு ஜூலை மாதம் 19 ஆம் நாள் அவர் மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு கிழமையும் ஒரு நாளுமே இருந்தன. வயது ஐம்பத்தைந்து. அவ்வயதை ஒட்டி நிற்கும் எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை உறுத்தும். ஏழு கிழமை முந்தியிருந்தால் யாழ் நூலின் அரங்கேற்றத்தை அவர் கண்டிரார். அவருடைய உடல் சிவானந்த வித்தியாலயத்தின் முன்னே, தாம் வளர்த்த பிள்ளைகள் நடமாடும் நிலத்திலே அடக்கம் செய்யப்பட்டது. அவர் இயற்றிய வெள்ளைநிற மல்லிகை என்று தொடங்கும் பாட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

ஆகவே, வினவும் மாணவனுக்கு யான் சொல்வது இதுதான். பாட்டா படிப்பா என்னும் வினாவே பிழைபட்ட வினா. கனவு காத்திருக்கும், ஆனால் உணவின்றிக் காத்திராது. நாள்தோறும் சிறிது உணவு அதற்கு இடல் வேண்டும். மயில்வாகனனார் தம் மாணவப் பருவத்திலே அதற்கு இட்ட உணவு, பழைய நூலும் புதிய விஞ்ஞானமும். வீட்டாரின் விருப்பத்தைத் தள்ளாமலும், தன் உள்ளத்தைக் கொல்லாமலும் வாழ்வதற்குப் பொறுமை வேண்டும். அதே வேளையில், பொறுமை என்னும் பெயரால் நாளைக்கு நாளை என்று தள்ளவும் கூடாது. ஆறு கிழமைக் கணக்கு அதற்கு எச்சரிக்கை.

இன்று கல்லடியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அடிகளார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாட்டையே படிப்பாகக் கொள்ளும் வாய்ப்பு அங்கே நம் பிள்ளைகளுக்கு உண்டு. மயில்வாகனனார்க்குத் தம் இளமையிலே கிடைக்காத வாய்ப்பு அது. ஏனைய கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம். சிலப்பதிகாரம் கற்பிக்கும் வகுப்பறை ஒவ்வொன்றிலும் ஒரு பலகையும், அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு தந்தியும், ஓர் அளவுகோலும் இருக்கட்டும். செலவு பெரிதன்று. தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு நாள் அப்பலகையின் முன் சேர்ந்து நிற்பார்களாயின், குரலும் இளியும் பிள்ளைகளின் காதிலே விழும்.